அலாஸ்காவின் ஆங்கரேஜ் விமான நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அதன் விமான நிலையம் சரக்கில் உலக அளவில் முன்னணியில் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். டெட் ஸ்டீவன்ஸ் ஆங்கரேஜ் சர்வதேச விமான நிலையம் என்பது அதன் முழுப் பெயர். 2024இல் சுமார் 37 லட்சம் டன் சரக்கு. ஹாங்காங், ஷாங்காய், மெம்ஃபிஸ் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காம் இடம். 2022இல் மூன்றாம் இடத்தில்கூட இருந்தது.

ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாங்காங்கில் ஒரு டன் என்றால், அந்த ஒரு டன் அங்கே ஏற்றப்பட்டிருக்கும், அல்லது இறக்கப்பட்டிருக்கும். ஆங்கரேஜில் பெரும்பகுதிச் சரக்கு விமானத்தை விட்டு இறங்குவதே இல்லை. விமானம் வருகிறது, எரிபொருள் நிரப்புகிறது, பைலட்டுகள் மாறுகிறார்கள், அப்படியே கிளம்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் போன்களும் துணிகளும் அலாஸ்கா மண்ணைத் தொடவே தொடாது. ஆனாலும் வழியில் நின்று போகும் இந்தச் சரக்கு ஆங்கரேஜின் கணக்கில் சேர்கிறது. 'உலகின் நான்காவது பெரிய சரக்கு விமான நிலையம்' என்ற பட்டத்தை அந்த அளவுக்குக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்காக இந்த இடம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. உலகச் சரக்குப் போக்குவரத்து இதை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது தெளிவாகும், அவ்வளவுதான்.

ஹாங்காங்கிலிருந்து சிகாகோவுக்குப் போக எதற்கு அலாஸ்கா? வரைபடத்தில் பார்த்தால் பெரிய சுற்றாக இருக்கிறதே?

தட்டையான வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாமல் வடக்கே ஏறி அலாஸ்கா பக்கமாகப் போகும். கலிஃபோர்னியாவிலிருந்து சியோல் வழியாக ஊருக்கு வருகிறவர்கள் இருக்கைத் திரையில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளைப் பார்த்திருப்பார்கள், காரணம் இதுதான்.

கணக்கு இப்படி. ஹாங்காங்–சிகாகோ நேர்தூரம் ஏறக்குறைய 12,540 கி.மீ. ஆங்கரேஜில் நின்று போனால் 8,150 கூட்டல் 4,580, அதாவது 12,730 அளவில். கூடுதலாக 200 கி.மீ.கூட இல்லை. அதைச் சுற்று என்று சொல்லவே முடியாது.

சரி, சுற்று இல்லை. ஆனால் நிற்காமலே பறக்கலாமே? பயணிகள் விமானங்கள் பறக்கின்றனவே?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு விமானம் தரையை விட்டு எழும்ப அதிகபட்ச எடை என்று ஒன்று உண்டு. போயிங் 747-400 சரக்கு விமானத்துக்கு அது சுமார் 397 டன். அதில் விமானத்தின் சொந்த எடை போக மிச்சத்தைச் சரக்கும் எரிபொருளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும்.

110 டன்னுக்கு மேல் முழுச் சுமை ஏற்றினால் இந்த விமானத்தால் சுமார் 8,200 கி.மீ. போக முடியும். ஹாங்காங்–ஆங்கரேஜ் தூரத்தை மறுபடியும் பாருங்கள்: 8,150. அளந்து வைத்தது போல இருக்கிறது. நேராகச் சிகாகோ போக வேண்டுமானால் பல பத்து டன் சரக்கை ஹாங்காங்கிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் எரிபொருளை நிரப்ப வேண்டும். சரக்கு நிறுவனத்துக்குக் காசு வருவது சரக்கால். எரிபொருள் முழுக்கச் செலவுக் கணக்கு. அது போக, தூரம் கூடும்போது எரிபொருளைச் சுமப்பதற்கென்றே கொஞ்சம் எரிபொருள் எரியும். நடுவில் ஒருமுறை நிரப்பினால் அந்த வீண் குறைகிறது.

பயணிகளுக்குக் கதை வேறு. நடுவில் இரண்டு மணி நேரம் நிற்பது என்றால் முகம் சுளிப்பார்கள், அடுத்த முறை வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பார்கள். அட்டைப்பெட்டிக்கு அந்தக் கவலை கிடையாது.

நிற்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கும்?

விமானம் நின்றதும் இறக்கைக்கு அடியில் எரிபொருள் குழாயை மாட்டுகிறார்கள். மெக்கானிக் டார்ச்சோடு டயரையும் எஞ்சின் முகப்பையும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வருகிறார். வந்த பைலட்டுகள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஹோட்டல் வண்டியில் ஏறுகிறார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பு வேறொரு விமானத்தில் வந்து தூங்கி எழுந்த பைலட்டுகள் ஏறிக்கொள்கிறார்கள். ஆள் மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. ஒரு பைலட் இத்தனை மணி நேரம்தான் பணியில் இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நிற்காமல் போனால் கூடுதல் பைலட்டுகளை ஏற்றிச் செல்ல வேண்டும்.

குளிர்காலமானால் இன்னொரு வேலையும் சேரும். இறக்கையில் பனி படிந்திருந்தால் அதன் வடிவமே மாறி, தேவையான தூக்குவிசை கிடைக்காது. அதனால் உயரமான லாரியில் கூண்டு வைத்து, ஒருவர் அதில் நின்றபடி சூடான கிளைக்கால் கரைசலைப் பீய்ச்சுகிறார். முதலில் அடிப்பது ஆரஞ்சு நிறம், படிந்த பனியைக் கரைக்க. அடுத்தது பச்சை நிறம், கெட்டியானது, புதுப் பனி ஒட்டாமல் இருக்க. பச்சை அடித்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் கிளம்பியாக வேண்டும். ஓடுபாதைக்கு முன்னால் வரிசை நீண்டு அந்த நேரம் தாண்டிவிட்டால், திரும்பி வந்து மறுபடியும் குளிக்க வேண்டியதுதான்.

நேரக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. செவ்வாய் இரவு 8 மணிக்கு ஹாங்காங்கில் கிளம்பும் விமானம் ஒன்பதரை மணி நேரம் பறந்து, அதே செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஆங்கரேஜில் இறங்கும். நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் வருவது இது.

எல்லாச் சரக்கும் அப்படியே கடந்துதான் போகிறதா?

இல்லை. ஃபெட்எக்ஸும் யூபிஎஸ்ஸும் இங்கே பெரிய தளங்கள் வைத்திருக்கின்றன. ஆசியாவிலிருந்து வரும் பார்சல்கள் இங்கே இறங்கி, சுங்கச் சோதனை முடிந்து, ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு அடுத்தடுத்த விமானங்களில் ஏறுகின்றன.

இதைத் தவிர அலாஸ்காவுக்கு மட்டும் கிடைத்த ஒரு சட்டச் சலுகையும் உண்டு. பொதுவாக, ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் அமெரிக்காவின் ஓர் ஊரில் சரக்கை ஏற்றி அமெரிக்காவின் இன்னொரு ஊரில் இறக்கக் கூடாது. உள்நாட்டு நிறுவனங்களைக் காப்பாற்ற வைத்த விதி. அலாஸ்காவில் மட்டும் இது தளர்த்தப்பட்டிருக்கிறது. தைப்பேயிலிருந்து ஒரு விமானம், சியோலிலிருந்து ஒரு விமானம் என இரண்டும் ஆங்கரேஜில் நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் சிகாகோ சரக்கும் நியூயார்க் சரக்கும் கலந்திருக்கின்றன. இங்கேயே மாற்றிக்கொண்டு, ஒன்று சிகாகோவுக்கும் மற்றொன்று நியூயார்க்குக்கும் போகலாம். சட்டத்தின் பார்வையில் அது இன்னும் முடியாத சர்வதேசப் பயணம்தான். 2003இல் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் இந்த உரிமை விரிவாக்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ். காகிதத்தில் பிரமாதமான ஏற்பாடு. நடைமுறையில், நின்று எரிபொருள் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் இன்றும் பெரும்பாலான விமானங்களின் வழக்கம்.

விமான நிலையத்துக்கு வைத்திருப்பது அந்த டெட் ஸ்டீவன்ஸின் பெயர்தானா?

ஆமாம், அவர்தான். 1968 முதல் 2009 வரை செனட்டர். அவர் உயிரோடும் பதவியோடும் இருந்தபோதே, 2000இல், பெயரை வைத்துவிட்டார்கள். 1978இல் இதே விமான நிலையத்தில் நடந்த சிறு ஜெட் விபத்தில் அவர் பிழைத்தார். அவர் மனைவி ஆன் இறந்துபோனார். 2010இல் அலாஸ்காவில் நடந்த இன்னொரு விமான விபத்தில் அவரும் இறந்தார்.

ஒரு காலத்தில் ஐரோப்பா–ஜப்பான் பயணிகள் எல்லோரும் இங்கே இறங்குவார்களாமே?

நிலையம் திறந்தது 1951 டிசம்பரில். 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ், கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பக்கமாக வந்து ஆங்கரேஜில் நின்று டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. சோவியத் வான்வெளி மூடிக் கிடந்த காலம். லண்டனோ பாரிஸோ ஃபிராங்பர்ட்டோ, டோக்கியோவுக்குச் சுருக்கமாகப் போக இதுதான் வழி. பிறகு ஒவ்வொரு நிறுவனமாக வந்து சேர்ந்தது. நள்ளிரவில் இறங்கிய ஜப்பானியர்கள் தூக்கக் கலக்கத்தோடு டெர்மினலில் உடோன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டதும், கண்ணாடிக்குள் நின்ற பதப்படுத்திய துருவக் கரடியோடு படம் எடுத்துக்கொண்டதும் அந்தத் தலைமுறைக்கு இன்றும் நினைவு.

அந்தக் காலத்தின் கொடுமையான நிகழ்ச்சியும் இங்கிருந்துதான் தொடங்கியது. 1983இல் நியூயார்க்கிலிருந்து வந்து, ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானம் பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போனது. செப்டம்பர் 1 அன்று சகாலின் தீவு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் இறந்தார்கள்.

1980களின் கடைசியில் சோவியத் கதவு திறந்தது. நிற்காமல் நெடுந்தூரம் போகும் 747-400 வந்தது. சில வருடங்களில் பயணிகள் கூட்டம் காணாமல் போனது. ஆங்கரேஜ் அவ்வளவுதான் என்று பலரும் எழுதினார்கள். அதே ஆண்டுகளில் ஆசியாவின் தொழிற்சாலைகள் வேகமெடுத்ததால், பயணிகள் போன இடத்தைச் சரக்கு நிரப்பியது.

2022இல் ரஷ்யா வான்வெளியை மூடிய பிறகு பழைய காலம் திரும்பியதா?

திரும்பவில்லை. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பிய நிறுவனங்களும் ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்யாவைச் சுற்றித்தான் போகின்றன. ஃபின்ஏர் ஹெல்சின்கி–டோக்கியோவுக்கு வடதுருவம் வழியாகவே பறந்தது. ஆனால் இன்றைய இரட்டை எஞ்சின் விமானங்கள் 13 மணி, 14 மணி நேரம் சாதாரணமாகப் பறக்கும். அலாஸ்காவுக்கு மேலே போகின்றன. கீழே இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

கொரோனா காலத்தில் உலகிலேயே பரபரப்பான விமான நிலையம் இதுதான் என்று செய்தி வந்ததே?

2020 ஏப்ரல் கடைசியில் அப்படி ஒரு நாள் வந்தது. அட்லாண்டாவும் பெய்ஜிங்கும் வெறிச்சோடிக் கிடந்ததால், விமானங்கள் வந்துபோகும் எண்ணிக்கையில் ஆங்கரேஜ் முதலிடத்துக்குப் போய்விட்டது. இன்னொரு காரணமும் இருந்தது. சாதாரண நாட்களில் பயணிகள் விமானத்தின் அடித்தளத்திலும் நிறையச் சரக்கு போகும். அந்த விமானங்கள் நின்றுபோனதும் முகக்கவசம் முதல் லேப்டாப் வரை எல்லாம் சரக்கு விமானத்துக்கு மாறின.

இதனால் ஊருக்கு என்ன லாபம்? சரக்கு இறங்கவே இல்லை என்றால் காசு எப்படி வரும்?

இறங்கும் கட்டணம் விமானத்தின் எடைக்கு ஏற்ப. நானூறு டன் விமானம் ஒவ்வொன்றும் காசு கட்டிவிட்டுத்தான் கிளம்பும். எரிபொருளுக்கு காலன் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. நிலக் குத்தகை வருகிறது. அப்புறம், எரிபொருள் போடுகிறவர்கள், மெக்கானிக்குகள், பனி அள்ளுகிறவர்கள், சுங்க அதிகாரிகள், பைலட்டுகள் தங்கும் ஹோட்டல், அவர்களை ஏற்றிப்போகும் வண்டி, அவர்கள் சாப்பிடும் கடை. ஆங்கரேஜில் ஏறக்குறைய பத்தில் ஒரு வேலை விமான நிலையத்தைச் சார்ந்தது என்று பொருளாதார ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன.

உரிமையாளர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் பெரும்பாலான விமான நிலையங்கள் நகராட்சியிடமோ தனி ஆணையத்திடமோ இருக்கும். இது மாநில அரசுக்குச் சொந்தம். ஃபேர்பேங்க்ஸ் விமான நிலையத்தோடு சேர்த்து ஒரே அமைப்பாக நடத்துகிறார்கள். செலவை விமான நிறுவனங்கள் கட்டும் பணத்திலிருந்தே ஈடுகட்டுகிறார்கள். மாநிலப் பொது நிதியில் கை வைப்பதில்லை. இந்தச் செலவில் பெரிய பங்கைச் சரக்கு நிறுவனங்கள் சுமப்பதால்தான் பயணிகள் பக்கத்தின் சுமை குறைகிறது. நாளைக்குச் சரக்கு விமானங்கள் வேறு பக்கம் போனால், அதே மூன்று ஓடுபாதைகளுக்கும் அதே பனிக்கும் ஆகும் செலவை மிச்சம் இருப்பவர்கள் தலையில்தான் போட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், அலாஸ்காக்காரர்களுக்கு இந்தச் சரக்கால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான். வேலை எண்ணிக்கைகூட இரண்டாவதுதான்.

பயணிகள் எவ்வளவு பேர்?

ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல். கோடையில் கூட்டம் அள்ளும். சுற்றுலா, மீன்பிடிப்பு, கப்பல் பயணம் எல்லாம் அப்போதுதான். அலாஸ்கா ஏர்லைன்ஸ்தான் இங்கே பெரிய கை. சியாட்டிலிலிருந்து மூன்றரை மணி நேரம். கோடையில் ஃபிராங்பர்ட்டிலிருந்து காண்டோர் வரும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆசிய நேரடிச் சேவை கிடையாது. தலைக்கு மேல் ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இத்தனை விமானம் போகிற ஊரில் இப்படி ஒரு நிலை.

உள்ளூர் மக்களுக்கு இந்த விமான நிலையம் எந்த அளவுக்குத் தேவை?

அலாஸ்காவின் ஐந்தில் நான்கு ஊர்களுக்கு மாநிலச் சாலை வலையோடு தொடர்பு கிடையாது. மாநிலத் தலைநகர் ஜூனோவுக்கே காரில் போக முடியாது. மேற்கே பெத்தேல் என்று ஓர் ஊர். ஆறாயிரம் பேருக்குச் சற்று மேல். ஆங்கரேஜிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் தூரம், சாலை இல்லை. சுற்றியுள்ள டஜன் கணக்கான கிராமங்களுக்கு அதுதான் மையம். டயப்பர், அரிசி, குளிர்பானம், பனிச் சறுக்கு வண்டியின் உதிரி பாகம் எல்லாம் ஆங்கரேஜிலிருந்து விமானத்தில்தான் போக வேண்டும்.

இதற்காக 1970களிலிருந்தே 'பைபாஸ் மெயில்' என்ற அஞ்சல் ஏற்பாடு நடக்கிறது. மளிகைச் சரக்கைப் பலகையில் அடுக்கி, அஞ்சல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே விமான நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள். கட்டணம் மட்டும் அஞ்சல் கட்டணம். மீதிச் செலவை அஞ்சல் துறை ஏற்கிறது. கிராமத்துக் கடையில் பால் பாக்கெட்டின் விலை இன்னும் ஏறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆஸ்பத்திரிக்குப் போவதும், கல்யாணச் சாமான் வாங்குவதும் ஆங்கரேஜில்தான். ஊர் திரும்புகிறவர்களின் லக்கேஜில் பிளாஸ்டிக் பெட்டிகளும் டேப் ஒட்டிய ஐஸ் பெட்டிகளும் இருப்பதைப் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் போவது மீன். மே மாதம் காப்பர் ஆற்று சால்மன் பருவம் தொடங்கியதும் முதல் மீன்கள் சியாட்டிலுக்கு விமானத்தில் போய் இறங்குவதைப் பெரிய விழாவாகவே நடத்துகிறார்கள்.

பனியால் அடிக்கடி மூடுவார்களா?

பனியால் மூடுவது மிக அரிது. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் பனி பொழியும் ஊர், அதனால் அது அவர்களுக்கு அன்றாட வேலை. கலப்பை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக அணிவகுத்து ஓடுபாதையைத் துடைத்துக்கொண்டு போகும்; ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதில் விமானம் இறங்கும். பனி அகற்றலுக்கான விருதைப் பலமுறை வாங்கியிருக்கிறார்கள்.

உண்மையான எதிரி எரிமலைச் சாம்பல். 1989 டிசம்பர் 15 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கேஎல்எம் 867, ரிடவுட் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. சாம்பல் என்றாலும் அது பொடிக் கண்ணாடி மாதிரி. எஞ்சின் வெப்பத்தில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 245 பேரோடு நான்கு கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய பிறகுதான் எஞ்சின்கள் மறுபடி இயங்கின. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 1992இல் ஸ்பர் எரிமலை ஊர் மேலேயே சாம்பலைக் கொட்டியது. விமான நிலையம் சுமார் 20 மணி நேரம் மூடிக் கிடந்தது. 2009இல் ரிடவுட் மறுபடி வெடித்தபோதும் மூட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஃபேர்பேங்க்ஸ் கைகொடுக்கும்.

நிலநடுக்கமும் உண்டு. 1964இன் 9.2 அதிர்ச்சியில் கட்டுப்பாட்டுக் கோபுரமே இடிந்து விழுந்து, உள்ளே இருந்த கட்டுப்பாட்டாளர் இறந்தார். 2018 நவம்பர் 30 அன்று 7.1 அளவில் ஆடியபோது கோபுரத்திலிருந்து வெளியேறி, தரையில் ஒரு வண்டியில் உட்கார்ந்து ரேடியோவில் விமானங்களுக்கு வழி சொன்னார்கள். அன்றைக்கே போக்குவரத்து மீண்டும் தொடங்கிவிட்டது.

2025 ஆகஸ்டில் ட்ரம்பும் புடினும் சந்தித்தது இங்கேதானா?

இங்கே இல்லை. ஊரின் வடக்கே இருக்கும் எல்மென்டார்ஃப்–ரிச்சர்ட்சன் ராணுவத் தளத்தில். விமான நிலையம் தென்மேற்கே இருக்கிறது.

புது ரகச் சரக்கு விமானங்கள் வந்தால் ஆங்கரேஜுக்கு வேலை இல்லாமல் போய்விடாதா?

747 உற்பத்தி முடிந்துவிட்டது. கடைசி விமானம் 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் கைக்குப் போனது. அடுத்து வரவிருப்பவை ஏர்பஸ் ஏ350 சரக்கு ரகமும் போயிங் 777-8 சரக்கு ரகமும். முதலாவது முழுச் சுமையோடு 8,700 கி.மீ., இரண்டாவது சுமார் 8,200 கி.மீ. போகும் என்று அந்த நிறுவனங்களே சொல்கின்றன. சிகாகோவுக்கு 12,500 வேண்டும். எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பார்கள், ஆனால் நிற்கத்தான் செய்வார்கள். இந்தப் பக்கத்திலிருந்து இப்போதைக்கு ஆபத்து தெரியவில்லை.

நான் கவலைப்படுவது வர்த்தகச் சட்டங்களைப் பற்றி. 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு அமெரிக்காவில் சுங்க வரி இல்லை என்ற சலுகையில்தான் டெமு, ஷீன் போன்ற சீனக் கடைகளின் பொட்டலங்கள் விமானம் விமானமாக வந்தன. 2025 மே மாதம் சீனச் சரக்குக்கும், ஆகஸ்ட் கடைசியில் எல்லா நாட்டுச் சரக்குக்கும் அந்தச் சலுகை போய்விட்டது. ஆங்கரேஜின் சரக்கில் பெரும்பகுதி அலாஸ்காவில் பிறப்பதும் இல்லை, அலாஸ்காவுக்கு வருவதும் இல்லை. எனவே வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் போடும் ஒரு கையெழுத்து இங்கே ஓடுபாதையில் தெரியும். அதைத் தடுக்க உள்ளூரில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விமானம் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?

பெரிய விமானங்களுக்கு பாயிண்ட் வொரோன்சோஃப். ஓடுபாதையின் வடமுனைக்கு அருகே கடலோரத்தில் இருக்கிறது. சுமை ஏற்றிய ஜம்போக்கள் வடக்கே எழும்பினால் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போகும். இரவில் பறக்கத் தடை இல்லாத நிலையம், எந்த நேரத்திலும் ஏதாவது வரும். டிசம்பரில் போனால் வெளிச்சம் காலை பத்தேகாலிலிருந்து மாலை மூன்றே முக்கால் வரைக்கும்தான்.

சின்ன விமானங்களுக்கு, பக்கத்திலேயே லேக் ஹூட். உலகின் மிகப் பரபரப்பான நீர்விமானத் தளம் அதுதான். கோடையில் மிதவை மாட்டிய விமானங்கள் ஏரியிலிருந்து எழும்பும். குளிரில் ஏரி உறைந்ததும் மிதவையைக் கழற்றிப் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொள்ளும். கரையில் விமானம் கட்ட ஓர் இடம் கிடைக்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும். அங்கே சில சாலைகளில் விமானங்களும் ஊர்ந்து வரும், அவற்றுக்குத்தான் முன்னுரிமை. கார் ஓட்டிக்கொண்டு போனால் கண்ணாடியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கரையோர மேடைகள் தனியாருடையவை, படம் எடுக்கிறேன் என்று ஏறிவிட வேண்டாம்.